தோற்ற வேட்பாளருக்குப் பன்னிரண்டு பாலிசி

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட் இருந்தானாம் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆனால் அன்னூர்ப் பக்கம் எங்கள் ஊரில் மட்டும் நாங்கள் பதினோரு பேர் இருந்தோம். எங்கள் தொழிலின் கஷ்டம் என்னவென்றால், கொங்குநாட்டில் யாரும் முகத்துக்கு நேராக ‘வேண்டாம்’ என்று சொல்ல மாட்டார்கள். ‘பார்க்கலாமுங்க’ என்றால் இல்லை. ‘அடுத்த மாசமுங்க’ என்றால் இல்லவே இல்லை. ‘கண்டிப்பாங்க’ என்று சொல்லி மோரும் கொடுத்தால், அந்த வீட்டுப் பக்கம் இனிமேல் சைக்கிளைத் திருப்ப வேண்டியதில்லை.

மூன்று வருஷம் அலைந்து இதைக் கற்றுக்கொண்ட நான், தொண்ணூற்றாறில் பேரூராட்சித் தேர்தல் வந்தபோது எங்கள் வார்டில் சுயேச்சையாக நின்றேன். ‘எல்லா ஊட்டுக்குள்ளயும் போற பையன் நீதான்’ என்று நாலு பேர் சொன்னார்கள், நின்றுவிட்டேன். வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டேன். எல்லாரும் ‘கண்டிப்பாங்க’ என்றார்கள். மோரும் கொடுத்தார்கள். எண்ணிப் பார்த்தபோது நாற்பத்தொரு ஓட்டு இருந்தது. ஏஜென்ட் வேலை பார்த்தவர்களுக்கும் தேர்தலில் நின்றவர்களுக்கும் இது புரியும். இரண்டையும் ஒரே வருஷத்தில் செய்தவர்கள் யாராவது இருந்தால், பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

பன்னிரண்டுக்கு ஐந்து

கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்த பணம் நோட்டீசாகவும் ஜீப் வாடகையாகவும் போயிருந்தது. அதுகூடப் போகட்டும். ஏஜென்ட் என்றால் வருஷத்துக்குப் பன்னிரண்டு பாலிசி காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஏஜென்சி ரத்து. என் கணக்கு வருஷம் நவம்பரோடு முடிகிறது. தேர்தல் முடிவு வந்தது அக்டோபரில். பிரசாரத்தில் திரிந்ததில் என் கையில் ஐந்து பாலிசிதான் இருந்தது.

என்னை இந்த வேலைக்குச் சேர்த்த டெவலப்மென்ட் ஆபீசர் ரங்கசாமி சாரைப் பார்க்கப் போனேன். என் பைலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் பைலையே பார்ப்பது மேல் என்று முடிவு செய்தவர் போல அதிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: “ஏந் தம்பி, சனம் ‘கண்டிப்பாங்க’ன்னா என்ன அர்த்தம்னு மூணு வருஷமா உனக்குச் சொல்லிக் குடுத்தது நாந்தானே?”

பெண் வீட்டார்

பவானியில் எனக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். தை மாதம் கல்யாணம். முடிவு வந்த நாலாம் நாள் பெண்ணின் அப்பா வந்தார். பவானியிலிருந்து பஸ் மாறி பஸ் ஏறி வந்தவர், “சும்மா இந்தப் பக்கம் வந்தேனுங்க மாப்ள” என்றார். மழையைப் பற்றிப் பேசினார். மஞ்சள் விலையைப் பற்றிப் பேசினார். அப்புறம் செருப்பைப் போட்டுக்கொண்டே, “எலெக்‌ஷன் கெடக்குதுங்க. ஏஜென்சியாச்சும் நிக்குமுங்களா?” என்றார்.

“நிக்குமுங்க மாமா” என்றேன். என் குரல் எப்போதுமே மெதுவாகத்தான் வரும். அன்றைக்கு எனக்கே கேட்கவில்லை. அவர் வாசல்வரை போய், ரொம்ப மரியாதையாகத் திரும்பி நின்று சொன்னார்: “அப்ப தை மாசம் பார்க்கலாமுங்க.”

மளிகைக் கடையில் ஆறு ஓட்டு

மறுநாளே சைக்கிளை எடுத்தேன். தோற்ற வேட்பாளர் தெருவில் வந்தால் ஒரு மாற்றம் தெரியும்: கேட்காமலேயே எல்லாரும் ஓட்டைப் பற்றிச் சொல்வார்கள். ‘எங்கூட்டு நாலும் உங்களுக்குத்தானுங்க.’ ‘எங்க மூணும் உங்களுக்கேதானுங்க.’ முதல் தெரு முடிவதற்குள் முப்பத்தெட்டு ஓட்டு சேர்ந்துவிட்டது.

இரண்டாவது தெருவின் முனையில் மளிகைக் கடை. மீந்த என் தேர்தல் நோட்டீசைக் கட்டோடு அந்தக் கடைக்காரரிடம்தான் கொடுத்திருந்தேன். நான் கும்பிட்டபடி நிற்கும் படத்தைச் சுருட்டி அவர் கடலைப்பருப்புப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். “எங்க ஊட்ல ஆறு ஓட்டுங்க. ஆத்தாளுக்குக் கண்ணு செரியாத் தெரியாது, நானே கையப் புடிச்சுக் கூட்டிப்போயி உங்க சின்னத்துல குத்த வெச்சேனுங்க” என்றார். ஆறையும் சேர்த்தால் நாற்பத்து நாலு. பெட்டியில் விழுந்ததைவிட மூன்று அதிகம். இன்னும் ஒன்பது தெரு பாக்கி. பாலிசி பேச்சை எடுத்தேன். பொட்டலத்தை என் முகம் மேலே இருக்கும்படி வைத்துவிட்டுச் சொன்னார்: “கண்டிப்பாங்க தம்பி!”

‘வேண்டாம்’ சொன்ன ஒரே ஆள்

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இட்லிக் கடை போட்டிருந்த சரசக்கா எனக்குத்தான் ஓட்டுப் போட்டிருந்தாள். அதை அவள் சொல்லவில்லை. அவள் புருஷன் அதற்காக அவளைத் திட்டிக்கொண்டிருந்ததை நானே காதால் கேட்டேன். எனவே ஆசையோடு போனேன். “எனக்கு வேண்டாங் கண்ணு” என்றாள். மூன்று வருஷத்தில் அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதையும் தலைகீழாகப் புரிந்துகொண்டு பாலிசிப் பாரத்தை வெளியே எடுத்தேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆவி பறக்கும் தட்டை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: “ஓட்டும் போட்டு பாலிசியும் போடோணுமாக்கும்? போடாதவன் ஊட்டு வாசல்ல போயி நில்லு சாமி, அவனாலதான் உம்மூஞ்சியப் பாக்க முடியாது!”

லேத் பட்டறை

என்னைத் தோற்கடித்தவரின் தேர்தல் ஆபீஸ் சிவகுமார் அண்ணனின் லேத் பட்டறையில்தான் நடந்தது. என் சைக்கிளைப் பார்த்ததும் அவர் மெஷினுக்கு அடியில் குனிந்து ஏதோ போல்ட்டைத் தேட ஆரம்பித்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஒரு போல்ட்டை அரைமணி நேரம் தேட முடியாது. வெளியே வந்தார்.

நான் தேர்தலைப் பற்றி வாயே திறக்கவில்லை. பாலிசியைப் பற்றியும்தான். சாதாரணமாகவே நான் குறைச்சலாகப் பேசுவதை எங்கள் ஆபீசில் பெரிய குறையாகச் சொல்வார்கள். அந்த மாதம் மட்டும் அது திறமையாக மாறியது. அவர் துணியில் கையைத் துடைத்தார். துடைத்த கையை மறுபடியும் துடைத்தார். தனக்கொன்று எழுதச் சொன்னார். தம்பி பேரிலும் ஒன்று. “இதுக்கும் எலெக்‌ஷனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க தம்பி, நீங்க எழுதிக்கங்க!”

கவுன்ட்டர் மூடுவதற்குள்

அதே மாதிரி சும்மா போய் நின்றதில் இன்னும் நாலு வீடு தேறியது. மொத்தம் பதினொன்று. அதற்கு மேல் குற்ற உணர்ச்சியுள்ள வீடு எதுவும் எனக்குத் தெரியவில்லை. நவம்பரின் கடைசி வேலை நாள், இரண்டேகால் மணி. மூன்று மணிக்குப் பணம் கட்டும் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து, பவானிக்கு எப்படிக் கடிதம் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆறுச்சாமி அண்ணன் படியேறி வந்தார். பஞ்சாலை பிட்டர். என் வேட்புமனுவில் என்னை முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவர் அவர்தான். எனக்கு விழுந்ததில் முதல் ஓட்டே அவருடையது என்று நினைத்திருந்தேன். அதனாலேயே பாலிசி என்று அவர் வீட்டுப் பக்கம் நான் போகவில்லை.

“பாலிசிப் பாரம் இருக்குதா கண்ணு?” என்றார். பள்ளிக்கூட சர்டிபிகேட், முதல் பிரீமியத்துக்கான பணம், பேனா எல்லாம் ஒரு மஞ்சள் பையில் தயாராக இருந்தன. யாரிடமோ எல்லாம் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் நிரப்பினேன். அவர் கையெழுத்துப் போட்டார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமலே வேலை முடிந்தது. ஓடிப்போய்ப் பணத்தைக் கட்டி ரசீதை வாங்கி வந்து கொடுத்தேன். நாலு படி இறங்கியவர், திரும்பாமலே சொன்னார்: “அவியளும் ஊட்டுக்கே வந்து ஓட்டுக் கேட்டுப்போட்டாங்க கண்ணு, மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு எப்படிச் சொல்றது?”

சொல்லிவிட்டு மஞ்சள் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ரோட்டைத் தாண்டி பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

இப்படியாக என் ஏஜென்சியும் தை மாதக் கல்யாணமும் பிழைத்தன. கடைசி ஏழு பாலிசியில் ஒன்றுகூட எனக்கு ஓட்டுப் போட்டவர்கள் எடுத்ததில்லை.