சித்திர வகுப்பின் பத்துக் கற்பனைகள்

"இந்தச் சுவர் முழுக்கப் பிள்ளையளின்ரை கற்பனை தெரிய வேணும்," என்று பள்ளிக்கூட அதிபர் சோமசேகரம் குடைக்கம்பால் சுவரில் தட்டினார். சுண்ணாம்பு உதிர்ந்தது. "திங்கட்கிழமை கல்வி அதிகாரி வாறார். விளங்குதோ செபநாயகம்?"

சித்திர வாத்தியார் செபநாயகம் சுவரை மேலிருந்து கீழே அளந்து பார்த்தார்.

"எத்தினை, ஐயா?"

"எத்தினையோ? கற்பனைக்குக் கணக்கும் இருக்கோ?"

"பத்தும் இருக்கு, ஆறும் இருக்கு. அதுதான் கேட்டனான்."

அதிபருக்கு அவசரம். "பத்தைப் போடும். ஆனா ஒண்டு, நீர் சொல்லிக் குடுக்கக் கூடாது. பிள்ளையள் தாங்களாச் சொன்னதா இருக்க வேணும்."

செபநாயகம் சில்லாலைக் கத்தோலிக்கர். அவர் படித்த ஞானோபதேசத்தில் சர்வேசுரனுடைய கற்பனைகள் பத்து, திருச்சபையின் கற்பனைகள் ஆறு. கொலை செய்யாதே, களவு செய்யாதே என்று கட்டளைகளாகப் போகும். அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டென்பதை அவர் எங்கேயாவது கேட்டிருக்கலாம். ஆனால் சுவரில் போடுகிற கற்பனை என்றால் அவருக்கு ஒன்றுதான். ஊர் மாதா கோயில் சுவரில் அதை அழிய அழியப் புதுப்பித்து எழுதியவரே அவர்தான்.

முன்பு அவர் கடைப் பலகை எழுதினார், கோயில் சுரூபங்களுக்கு வர்ணம் அடித்தார். மாதாவுக்கு நீலம், சூசையப்பருக்கு மண்ணிறம். மாற்றினால் சனம் மெழுகுதிரி கொளுத்தாது. எழுபதுகளில் இறக்குமதி நின்று பெயின்ற் அருமையானபோது, பண்டத்தரிப்புப் பக்கத்தில் இருந்த இந்தப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக வாத்தியாராகச் சேர்ந்தார். அங்கேயும் அதே ஒழுங்குதான். அவர் கரும்பலகையில் ஒரு பூசணிக்காய் கீறுவார். வகுப்பு முழுவதும் அதே பூசணிக்காயைக் கீறும். அடுத்த கிழமை மாடு. அதற்கடுத்த கிழமை திரும்பவும் பூசணிக்காய்.

தற்காலிகம் என்பதுதான் வில்லங்கம். அதிகாரி நல்லபடி எழுதினால் வேலை நிரந்தரம்; இல்லாவிட்டால் வீடு. "பலகை எழுதிறவனை அரசாங்கம் எத்தினை நாளைக்கு வைச்சிருக்கும்?" என்று மனைவி இராசமலரின் தமையன் ஒரு கலியாண வீட்டில் பலர் கேட்கச் சொல்லிவிட்டான். அன்று முதல் அவள் தமையன் வீட்டுப் படி ஏறவில்லை.

"நிரந்தரமெண்டாப் பிறகுதான் அங்கை போவன். இல்லையெண்டாச் செத்த வீட்டுக்கும் போகன்," என்றாள்.

அதுவரை அந்த வீட்டில் ஒருவரும் சாகக்கூடாது என்று செபநாயகம் இரவுச் செபத்தில் தனியாகக் கேட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை தூரிகையோடு ஏணியில் ஏறினார். பிள்ளைகளே கற்பனை சொல்வது அவருக்குச் சரியாகப் படவில்லை. சர்வேசுரனிடம் கற்பனைகளை வாங்கி வந்த மோயீசனுக்கே அந்த உரிமை கிடைக்கவில்லை. ஆனால் அதிபர் சொல்லிவிட்டார்.

"இந்த வகுப்பிலை என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது. நீங்கள்தான் சொல்ல வேணும், பிள்ளையள்."

எந்த வாத்தியாரும் இப்படியொரு பொறியை வைத்ததில்லை. கடைசியில் வெங்காயத் தோட்டக்கார நமசிவாயத்தின் மகள் குணலட்சுமி எழும்பினாள்.

"உண்மையாச் சொல்லலாமோ, சேர்?"

"கற்பனையிலை ஆரும் பொய் சொல்லுவினமோ, பிள்ளை?"

"அப்ப எழுதுங்கோ. இனிப் பூசணிக்காய் கீறக் கூடாது."

செபநாயகம் திரும்பிப் பார்த்தார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். எழுதினார். அதோடு வகுப்புக்கு வாய் வந்தது.

"மாடு எப்பவும் பக்கப்பாடா நிக்கக் கூடாது, சேர்!"

தூரிகை நின்றது. பக்கவாட்டில் நிற்கிற மாடு ஒன்றுதான் அவருக்குக் கீற வரும்.

"ஏன் சேர் அது முகத்தைக் காட்டுதில்லை? வெக்கமோ?" என்றது பின்வரிசை.

அவர் அதையும் எழுதினார், பிறகு பிள்ளைகள் சொன்ன மற்றவற்றையும். சேர் கீறினதைப் பார்த்துக் கீறக் கூடாது. கடலுக்கு நீலந்தான் அடிக்க வேண்டும் என்று சொல்லக் கூடாது. அதிகாரி வருகிற நாளில் மட்டும் வர்ணப்பெட்டியை வெளியே எடுக்கக் கூடாது. ஒவ்வொரு கற்பனைக்கும் முதல் எழுத்தைச் சிவப்பிலும் மற்றதைக் கறுப்பிலும் போட்டார். ஒன்பது சேர்ந்து கடைசி ஒன்று குறைந்தபோது, "மற்றவனின்ரை றப்பரை எடுக்கக் கூடாது" என்றான் ஒருவன். செபநாயகத்துக்கு அந்த ஒன்றில்தான் வேத வாசனை தெரிந்தது.

திங்கட்கிழமை அதிபர் சுவரை முதன்முதலாகப் பார்த்தபோது, கல்வி அதிகாரி சண்முகநாதன் பக்கத்திலேயே நின்றார். வர்ணப்பெட்டி அன்று காலைதான் அதிபரின் அலுமாரியிலிருந்து வெளியே வந்திருந்தது. அதிபர் மெல்லப் போய்ச் சுவரோடு சாய்ந்துகொண்டார்.

"கொஞ்சம் விலத்துங்கோ அதிபர். உங்களுக்குப் பின்னாலை ஒண்டு இருக்கு."

அதிகாரி அதை வாசித்தார். வர்ணப்பெட்டியைப் பார்த்தார். அதிபரைப் பார்த்தார். பிறகு செபநாயகத்திடம் வந்தார்.

"கற்பனை எண்டா என்னெண்டு நினைச்சீர்?"

"சர்வேசுரன் மோயீசனுக்குக் குடுத்தது, ஐயா."

அதிபர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரிக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் கைலேஞ்சியால் வாயைப் பொத்தினார்.

"சரி, முன்னுக்குப் பாக்கிற மாடு ஒண்டு கீறும், பாப்பம்."

செபநாயகம் கரும்பலகையில் வியர்க்க வியர்க்கக் கீறினார். வந்தது சூசையப்பர், தாடியும் இருந்தது, கொம்பும் இருந்தது. வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"மூக்கு அப்பிடியில்லை, சேர்! விடுங்கோ," என்று குணலட்சுமி சோக்கட்டியைப் பறித்தாள். அவள் தினமும் புல்லுப் போடுகிற முகம் அது. அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் ஓடினார்கள். வர்ணப்பெட்டியை யார் திறந்தது என்று தெரியவில்லை. முன்னால் பார்த்த மாடு, பின்னால் பார்த்த மாடு, கிணற்றுக்குள் இருந்து பார்த்த மாடு எல்லாம் வந்தன. ஒரு மாடு சாம்பல் நிறக் கடலில் நின்றது. செபநாயகம் சோக்குத் தூளோடு ஒதுங்கி நின்று வாய் பிளந்து பார்த்தார்.

"போன கிழமை நான் போன பள்ளிக்கூடமெல்லாம் சுவரிலை தாமரைப்பூ," என்றார் அதிகாரி. "எல்லாம் வாத்தியார்மார் கீறினது. அவையளுக்குக் கற்பனை எண்டா என்னெண்டு நல்லாத் தெரியும். உமக்குத் தெரியாது. அப்பிடியே இரும். நிரந்தரமாக்கச் சொல்லி எழுதிறன்."

வீட்டில் இராசமலர் எல்லாவற்றையும் கேட்டாள்.

"அப்ப கற்பனை எண்டா என்னவாம்?"

"இல்லாததை நினைக்கிறதாம்."

"அதுக்கோ சம்பளம் தருகினம்?" என்றபடி பெட்டியைத் திறந்து நல்ல சேலையை எடுத்தாள். கடிதம் வரும்வரை அவள் காத்திருக்கப் போவதில்லை.

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. இராசமலர் காலை பஸ்ஸில் தமையன் வீட்டுக்குப் போனாள். செபநாயகம் சைக்கிளில் பள்ளிக்கூடம் போனார். மூன்றாம் பாடம் சித்திரம். பிள்ளைகள் ஆளுக்கொரு படம் கீறினார்கள். வர்ணப்பெட்டியில் பச்சை முடிந்துவிட்டது. பின்னேரம் கொஞ்சம் மழை பெய்தது. அவர் சந்தையில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வந்து தானே சமைத்தார்.