மெசேஜ் நிறுத்தித் தரப்படும்

மேற்குத் தாம்பரத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் எனக்கு, உடைந்த டிஸ்ப்ளேவை மாற்றுவதைவிட வேண்டாத மெசேஜை நிறுத்தித் தருவதுதான் பெரிய வேலை. லோன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று உங்கள் போனும் காலையிலிருந்து கத்திக்கொண்டுதானே இருக்கிறது? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சிதான்.

மிக்ஸி ஆசை

குரோம்பேட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். படப்பைப் பக்கம் மனை விற்கிறவர்கள் அவரை நிம்மதியாக இருக்க விடுவதில்லை. ஒரு பெயரை பிளாக் செய்தால் இன்னொரு பெயரில் வருகிறார்கள். உங்கள் நம்பர் அவர்களுக்கு எப்படிப் போனது சார் என்று கேட்டேன். மனிதர் கொஞ்சம் நெளிந்தார். துணிக்கடை குலுக்கல் கூப்பனில் தானே எழுதிப் போட்டாராம், அதுவும் வீட்டில் இருக்கும் நாலு பேர் பெயரிலும்.

"மிக்ஸி விழும்னு போட்டேன் தம்பி. மிக்ஸி வரலை, மனையா வருது."

ஒரே போன்

செல்வி அக்கா அனகாபுத்தூர். அபார்ட்மெண்டுகளில் வீட்டுவேலை செய்கிறவர். டிப்ளமோ முடித்த மகளுக்கும் அவருக்கும் சேர்த்து ஒரே போன். மகள் மனுப்போட்ட இடத்திலெல்லாம் அந்த நம்பரைத்தான் கொடுத்திருந்தாள். வந்ததெல்லாம் 'வீட்டிலிருந்தே வேலை' மோசடிகள்; அதை நிறுத்தித் தரச் சொன்னார் அக்கா. ஒவ்வொரு நம்பராக மல்லுக்கட்டுவானேன் என்று, வேலை, இன்டர்வியூ என்ற சொற்கள் இருந்தாலே மெசேஜ் தனியாக ஒதுங்கிவிடும்படி செய்து கொடுத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

"மெசேஜ் சத்தம் கேட்டா பொண்ணு அடுப்பாண்டேர்ந்து ஓடியாருது தம்பி. அப்புறம் அது மூஞ்ச பாக்க முடில."

பதினொன்றரை மணி

பத்து நாளில் அக்கா திரும்ப வந்தார். ஒரகடத்தில் ஒரு கம்பெனி, மகளோடு படித்தவர்களையெல்லாம் கூப்பிட்டிருக்கிறதாம், இவளை மட்டும் கூப்பிடவில்லையாம். போனை வாங்கினேன். ஒதுங்கிய மெசேஜ்களைத் திறந்தேன். போலிகளுக்கு நடுவே நிஜமான அழைப்பு: அன்றைக்கே, மதியம் இரண்டு மணிக்கு. அப்போது மணி பதினொன்றரை.

ஷட்டரை இறக்கிவிட்டு அக்காவோடு பைக்கில் அனகாபுத்தூர் போனேன். அவரை வீட்டில் விட்டு, மகளையும் சர்டிபிகேட் ஃபைலையும் ஏற்றிக்கொண்டு ஒரகடம் கம்பெனி கேட்டில் இறக்கியபோது இரண்டுக்கு ஐந்து நிமிடம். சாயங்காலம் திரும்பி வந்து அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நான் சொன்னததானே நீ செஞ்ச. ரிசல்ட்டும் மெசேஜ்லதான் வருமாம். குப்பையெல்லாம் வுட்டுடு தம்பி, நாங்களே பொறுக்கிக்கிறோம்."

வேலை கிடைத்த மெசேஜ் நாலாம் நாள் இரண்டு லோனுக்கும் ஒரு மனைக்கும் நடுவே வந்து சேர்ந்தது. இப்போதெல்லாம் வீட்டில் வேலை தேடுகிறவர்கள் உண்டா என்று விசாரித்துவிட்டுத்தான் யார் போனிலும் கை வைக்கிறேன்.