இரண்டு கை போதாமல் போன நாள்

சகோதரிகளே, எட்டு மாதம் நான் ஒருவரோடும் பேசாமல் வாழ்ந்தேன். எனக்கு வாய் இருந்தது. பேச ஆள் இல்லை. அந்தத் தனிமையிலிருந்து ஆண்டவர் என்னை எப்படிக் கை கொடுத்துத் தூக்கினார் என்பதைச் சொல்லத்தான் இன்று எழுந்து நிற்கிறேன். எனக்குச் சபையில் நின்று பேசிப் பழக்கமில்லை. தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆம்பூரிலிருந்து நாலு மைல் தூரத்தில், பாலாற்றுக்கு அக்கரையில் அந்த ஊர். ஊர்க்கோடியில் ஓர் ஓட்டு வீடு. முன்னறையில் மருந்து அலமாரி, ஒரு பெஞ்சு, ஒரு கட்டில். பின்னறையில் நான். அதற்கு டிஸ்பென்சரி என்று பெயர். வேலூரில் நர்ஸ் படிப்பு முடித்த என்னை மாசி மாதம் அங்கே கொண்டுவந்து விட்டார்கள். காற்று ஆற்றுப் பக்கமிருந்து அடித்தால் தோல் ஊறும் தொட்டிகளின் நாற்றம் வரும். அந்த நாற்றம் எனக்குப் புதிதல்ல. என் அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்றே காலம் கழித்தவர். அவர் மகள் எந்தச் சேரியில் பிறந்தவள் என்பது நான் வந்த மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது.

நான் எப்படி நர்ஸ் ஆனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வயதில் என் புருஷன் விஷக்காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. மாமியார் வீட்டில், "இன்னும் இன்னாத்துக்கு இங்கே குந்தினு இருக்கே?" என்று கேட்டார்கள். அப்பாவும் அம்மாவும் அதே காய்ச்சலில் முன்னமே போயிருந்தார்கள். போக்கிடம் இல்லாத என்னை எங்கள் சபைப் போதகரான ஐயர்தான் வேலூருக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்.

அங்கே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த டாக்டரம்மா புத்தகத்தை முதலில் திறக்கவே மாட்டார். பிரசவ அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் எங்கள் கையைப் பிடித்துத் தாயின் வயிற்றின்மேல் வைப்பார். "கண்ணை மூடு. இப்போ சொல்லு, குழந்தை தலை எங்கே?" என்பார். தவறாகச் சொன்னால் திட்ட மாட்டார். கையை வேறு இடத்துக்கு நகர்த்தி வைத்து, மறுபடி கேட்பார். அப்படித்தான் நான் படித்தேன். குழந்தை வெளியே வந்த பிறகு கர்ப்பப்பை சுருங்கிக் கல் போல இறுக வேண்டும் என்றும், இறுகாமல் மாவு போலக் கிடந்தால் இரத்தம் நிற்காது என்றும் என் விரல்கள்தான் முதலில் தெரிந்துகொண்டன.

ஆனால் அதே அறையில் இன்னொன்றும் நடந்தது. உங்களில் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. என் இரண்டாம் வருஷத்தில் ஒரு தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை. டாக்டரம்மா மேற்கொண்டு செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருக்க, வயிற்றை அழுத்திப் பிடிக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். பிடித்தேன். நேரம் போகப் போக என் கைகள் மரத்துப்போயின. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், பிடியைத் தளர்த்திவிட்டேன். அந்தத் தாய் அன்றைக்கே இறந்துபோனாள். "அவள் வரும்போதே பாதி உயிராகத்தான் வந்தாள். உன் தப்பு இல்லை" என்றார் டாக்டரம்மா. நான் தலையை ஆட்டினேன். நம்பவில்லை.

இந்தப் பாரத்தோடுதான் அக்கரைக்குப் போனேன். போன முதல் வாரமே ஒரு மடத்தனம் செய்தேன்.

அந்த ஊருக்கும் சுற்றியிருந்த குப்பங்களுக்கும் பிரசவம் பார்க்கிறவள் கன்னியம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும். கறுத்து, உயர்ந்த உருவம். அந்த ஊரில் பாதிப் பேரைப் பூமிக்கு இறக்கிவிட்டதே அவள் கைதான். ஒரு நாள் பிரசவ வீட்டிலிருந்து நேராகக் கிணற்றடிக்கு வந்தாள். பத்துப் பெண்கள் நின்றார்கள். நான் படித்த திமிரில் சற்று எட்ட நின்றபடியே, "இந்தாம்மா, நீ கழுவாத கையோட உள்ளே போறதாலதான் தாய்க்குக் காய்ச்சல் வருது. சோப்பு தர்றேன், வந்து வாங்கிக்கோ" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எத்தினி பெத்திருக்கே நீ?" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

நான் சொன்னது சரிதான். ஆனால் சொன்ன இடமும் சொன்ன விதமும் தப்பு. அன்றோடு ஊர் எனக்கு வாசலை அடைத்தது. சாதி ஒரு காரணம். என் வாயும் ஒரு காரணம். முன்னதை மட்டும் பல நாள் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. தினமும் காலையில் பெஞ்சைத் துடைப்பேன். சாயங்காலம் மறுபடி துடைப்பேன். உட்கார்ந்து அழுக்காக்க ஆள் இல்லாத பெஞ்சு அது. வெட்டுக்காயத்தோடு போகிற பிள்ளையைக் கூப்பிட்டால், தாய் இழுத்துக்கொண்டு ஓடுவாள். வீட்டில் ஒரு மனுஷக் குரல் கேட்க வேண்டுமே என்பதற்காக வேதத்தைச் சத்தமாக வாசிப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஆற்று மணலில் நடந்து ஆம்பூர் கோயிலுக்கு வருவேன். உங்களில் சிலர், "சௌக்கியமா?" என்று கேட்பீர்கள். "சௌக்கியம்" என்பேன். அதுதான் அந்த வாரத்தில் நான் பேசும் ஒரே பேச்சு. அதை வழியெல்லாம் நினைத்துக்கொண்டே திரும்பிப் போவேன்.

ஆவணியில் எனக்கே காய்ச்சல் கண்டது. மூன்று நாள் கஞ்சி வைத்துக்கொள்ளக்கூட எழுந்திருக்க முடியவில்லை. நான் செத்துப்போனால் எத்தனை நாள் கழித்துத் தெரியும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும். இங்கே யாராவது, "அந்த நர்சம்மா வரலையே" என்று கேட்டால்தான் உண்டு.

அன்று படுத்தபடியே ஜெபம் பண்ணினேன். பெரிய ஜெபம் இல்லை. "ஆண்டவரே, ஒரே ஒரு ஆளைக் கொடும். என்னோடு பேச ஒரு ஆள்." இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். காய்ச்சல் விட்ட பிறகும் தினமும் சொன்னேன். புரட்டாசி முழுவதும் சொன்னேன். பதில் இல்லை. வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி வேலூர் டாக்டரம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதைத் தபாலில் போடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடாத மழை. பாலாறு இரு கரை தொட்டுப் போனது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். தோல் ஷாப்புக்கு ஆவாரம்பட்டை வண்டி ஓட்டுகிறவர் என் வாசலில் நனைந்துகொண்டு நின்றார். அவர் பெயர் சின்னசாமி. அதுவரை என் முகத்தைப் பார்க்காமல் தாண்டிப் போகிறவர்.

"நர்சம்மா, கொஞ்சம் வாம்மா. எம் பொஞ்சாதிக்குப் புள்ள பொறந்துடுச்சு. ரத்தம் நிக்க மாட்டேங்குது" என்றார். அவருக்குப் பல் தந்தியடித்தது.

பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். வழியிலேயே, "நீங்க எப்படியாவது ஆத்தைத் தாண்டி ஆம்பூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்கு ஆள் அனுப்புங்க" என்று அவரைத் திருப்பி அனுப்பினேன்.

உள்ளே அவர் மனைவி மங்கம்மா தரையில் கிடந்தாள். முகத்தில் இரத்தமே இல்லை. குழந்தை ஒரு மூலையில் துணிக்குள் அழுதது. கன்னியம்மா சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நஞ்சுக்கொடி ஒரு சட்டியில் இருந்தது. பார்த்தேன், முழுசாகத்தான் வந்திருந்தது. வயிற்றில் கை வைத்தேன். கர்ப்பப்பை மாவு போலக் கிடந்தது.

கர்ப்பப்பையை இறுக்குவதற்காகக் கொண்டுபோன எர்காட் மருந்தைக் கொடுத்தேன். குடித்த வேகத்தில் வாந்தி எடுத்துவிட்டாள். இனி மருந்து இல்லை. கையைக் கழுவிக்கொண்டு, ஒரு கையை உள்ளே கொடுத்து, மறு கையை வயிற்றின்மேல் வைத்து, நடுவில் கர்ப்பப்பையை அழுத்திப் பிடித்தேன். இரத்தம் குறைந்தது. கொஞ்சம் தளர்த்தினால் மறுபடி வந்தது. பிடித்துக்கொண்டே இருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எவ்வளவு நேரம் பிடித்தேன் என்று தெரியாது. முதலில் விரல்கள் வலித்தன. பிறகு மணிக்கட்டு. பிறகு வலியே தெரியவில்லை. அதுதான் பயம். வேலூரில் அன்றைக்கும் இப்படித்தான் முதலில் வலி நின்றுபோனது. இதோ இவளும் போகப்போகிறாள், என் கையிலேயே போகப்போகிறாள் என்று நினைத்தேன். கண்ணீர் மூக்கோரமாக ஒழுகியது. துடைக்கக் கை இல்லை. சத்தமாகவே கேட்டேன்:

"ஆண்டவரே, எனக்கு ரெண்டு கை போதலை. இன்னும் ரெண்டு கை கொடும்."

அந்த ஆம்பூர் டாக்டரம்மா வருவார் என்று எண்ணித்தான் கேட்டேன். வாசலைத்தான் பார்த்தேன். சுவர்ப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"மூத்திரம் எடுத்தியா?"

எனக்குப் புரியவில்லை.

"மூத்திரப்பை ரொம்பிக் கெடந்தா கர்ப்பப்பை எப்படி இறுகும்? மேல வெச்சிருக்கிற கைக்குத் தெரியல உனக்கு?" என்றாள் கன்னியம்மா.

அவள் சொன்னது சரி. எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். பதற்றத்தில் மறந்துவிட்டேன். ரப்பர் குழாய் பையில்தான் இருந்தது. ஆனால் கையை எடுத்தால்தானே குழாய் போட முடியும்? கையை எடுத்தால் இரத்தம் வருமே!

அப்போதுதான் என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. "அக்கா, எனக்கு ஒத்தாசை பண்ணுங்க அக்கா."

அவள் கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். பிறகு, "உன் சோப்பு எங்கே?" என்றாள்.

முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் மேலேயிருந்த என் கையை விலக்காமலே அவள் கையை அடியில் விடச் சொன்னேன். என் கை அவள் கையின் மேல். "தொப்புளுக்குக் கீழே... இன்னும் கொஞ்சம் பின்னால. முதுகெலும்புப் பக்கமா அணைச்சுப் பிடிங்க. ஆமா. இப்போ அழுத்துங்க" என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடச் சொல்லவில்லை. என் இரண்டு கையையும் உருவினேன். அவள் பிடி என் பிடியைவிட உறுதியாக இருந்தது. முப்பது வருஷம் வேலை செய்த கை.

குழாய் போட்டேன். மூத்திரம் ஒரு சட்டி நிறைய வந்தது. குழந்தையைத் தாயின் மார்பில் போட்டேன். கன்னியம்மா முதலில், "சீம்பால் ஆகாது" என்றாள். "குழந்தை சப்பினா கர்ப்பப்பை இறுகும் அக்கா. உங்க கையே சொல்லும், பாருங்க" என்றேன். சற்று நேரத்தில் அவள் முகம் மாறியது.

"இறுகுதுடி" என்றாள். "கல்லு மாதிரி இறுகுது."

மத்தியானம் கழியும்வரை மாறி மாறிப் பிடித்துக்கொண்டே இருந்தோம். ஒருத்தி கை மரத்தால் மற்றவள். நடுவில் மங்கம்மா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். கன்னியம்மா அழுதுவிட்டாள். நானும் அழுதேன்.

ஆற்றைத் தாண்ட முடியாமல் சின்னசாமி சாயங்காலம் திரும்பி வந்தார். தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள், இனி யாரும் வரத் தேவையில்லை என்று அவரிடம் சொன்னோம். அவர் வாசலிலேயே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

கைகழுவும்போது கன்னியம்மாவிடம் கேட்டேன், "என்னைக் கூப்பிடச் சொன்னது யாரு?"

"நான்தான்" என்றாள். "எங் கையில ரெண்டு பேரு இப்படியே போய்ட்டாங்க. ஒருத்தி எந் தங்கச்சி. வெளியே சொன்னா என்னை யார் கூப்பிடுவாங்க?"

சகோதரிகளே, சோப்பு நுரை காயாத கையோடு நான் அவள் பக்கம் திரும்பினேன். பிறகு வேலூரில் இறந்துபோன தாயைப் பற்றி அவளிடம் சொன்னேன். அதற்கு முன்பு ஒருவரிடமும் சொல்லாததை, கிணற்றடியில் என்னைப் பார்த்து மற்றவர்களைச் சிரிக்க வைத்தவளிடம் சொன்னேன். அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "ம்" என்றாள். "எனக்கும் அப்படித்தான் இருக்குது" என்றாள். ஆவணியிலிருந்து நான் கேட்ட ஆள் இதுதான் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை கன்னியம்மா டிஸ்பென்சரிக்கு வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து, "நகம் எத்தினி கம்மியா வெட்டணும்?" என்று கேட்டாள். அப்படித்தான் ஆரம்பித்தது. அவளுக்கு எழுத்து தெரியாது. எழுத்து தேவைப்படவும் இல்லை. நான் அவள் கையைப் பிடித்துக் காட்டினேன். குறுக்கே கிடக்கும் குழந்தையை ஒன்பதாம் மாதத்திலேயே தடவிக் கண்டுபிடிப்பதை அவள் என் கையைப் பிடித்துக் காட்டினாள். கிணற்றடியில் பேசியதற்கு அந்தப் பெண்கள் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன். "போதும் உடு, பேஜார் பண்ணாதே" என்றாள். இப்போது சுற்றுக் குப்பங்களிலிருந்து நாலு மருத்துவச்சிகள் வெள்ளிக்கிழமை வருகிறார்கள். நாங்கள் இருவரும் சேர்ந்து சொல்லிக்கொடுக்கிறோம். மாற்றல் கேட்டு எழுதிய கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் அது பொய். சில வீடுகளில் இன்றைக்கும் என்னை வாசலோடு நிறுத்துகிறார்கள். பல நாள் நான் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். மழை பெய்தால் மனம் கனக்கிறது. கன்னியம்மா நம் சபையில் சேரவில்லை. சேருவாளா என்பது எனக்குத் தெரியாது. நான் ஜெபம் பண்ணும்போது அவள் வெளியே உட்கார்ந்திருப்பாள். நான் முடித்ததும், "உங்க சாமிகிட்ட இன்னா கேட்டே?" என்பாள். சொல்வேன்.

ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்தால் இனி ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்க வேண்டியதில்லை. விடிந்து கதவு திறக்கவில்லையென்றால் தட்டுவதற்கு ஒருத்தி இருக்கிறாள். அதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன்.

இங்கே உட்கார்ந்திருக்கிற உங்களில் யாராவது, "சௌக்கியம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களாக இருக்கலாம். அம்மா, வாயைத் திறந்து ஆண்டவரிடம் கேளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் அனுப்பிய உதவி அதற்கு முன்பே அறைக்குள் வந்து சுவரோரம் நின்றுகொண்டிருந்தது. உங்களைப் பார்த்து முகம் திருப்பிக்கொண்டிருக்கிறவர் யாரோ, இன்று வீட்டுக்குப் போகும் வழியில் முதலில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்.