அப்பா சோறூட்டிய அழகு

அப்போது நாங்கள் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை என்றால் மற்ற பிள்ளைகளை ஏரிக்குக் கூட்டிப்போவார்கள்; எங்கள் வீட்டில் அந்தக் கொடுப்பினை கிடையாது. என் அண்ணனுக்குப் பிறந்ததிலிருந்தே கைகால் இழுத்துக்கொள்ளும், பேச்சும் வராது. அவனுக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்து பழகிப்போன அம்மாவும் அப்பாவும், அவனைப் போன்ற பிள்ளை மலையில் எங்கே இருந்தாலும் தேடிப்போய், அதற்கு வரவேண்டியதை வாங்கிக் கொடுப்பதையே ஒரு சோலியாக வைத்திருந்தார்கள். சம்பளமில்லாத சோலி. போகிற இடத்துக்கெல்லாம் அண்ணனும் வருவான். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு அவனுக்குத்தான். எனக்கு எரிச்சலாக வரும்.

அன்றைக்குக் கிளாவரைக்குப் போனோம். அங்கே ஒரு வீட்டில் நடக்கமுடியாத பெண்பிள்ளை இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். மறுநாள் கொடைக்கானலில் ஊனமுற்றோர் முகாம். டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அட்டை, அட்டை இருந்தால்தான் சக்கர நாற்காலி. இதை விட்டால் டாக்டர் மறுபடி எப்போது மலையேறுவார் என்று யாருக்கும் தெரியாது.

வீட்டுக்காரம்மா வாசலில் பூண்டு கட்டிக்கொண்டிருந்தார். "அப்படிப் பிள்ளை இங்க யாரும் இல்லைங்க. சோலி கெடக்கு, வெரசாப் போயிட்டு வாங்க" என்றார். முகத்திலடித்த மாதிரி இருந்தது. அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. பஸ் வரும்வரை இருந்துவிட்டுப் போகிறோம் என்று எதிரே கல்லில் உட்கார்ந்து, அண்ணனுக்கு ஊட்டச் சொல்லி அப்பாவிடம் தயிர்ச்சோற்று டப்பாவைக் கொடுத்தாள்.

அப்பா ஊட்டுகிற அழகை என்னவென்று சொல்ல! அண்ணன் தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, பெரிய பெரிய கவளமாக அடைத்தார். புரையேறி அவனுக்குக் கண் பிதுங்கியது. பூண்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்த வீட்டுக்காரம்மா டப்பாவைப் பிடுங்கினார்.

"என்னண்ணே, பிள்ளையைக் கொன்னுபுடுவீங்க போல! தலையைக் குனிய வச்சுல்ல குடுக்கணும், கொஞ்சங் கொஞ்சமா" என்றவர், அவனைத் தோளோடு சாய்த்துக்கொண்டு, சோற்றை மசித்து மசித்துத் தானே ஊட்டினார். அண்ணன் சமர்த்தாக விழுங்கினான்.

அம்மா மெதுவாகக் கேட்டாள். "உள்ள பாப்பா சாப்பிட்டுச்சா?"

வீட்டுக்காரம்மாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருக்கிறதாம். இப்படியொரு தங்கச்சி இருப்பது தெரிந்தால் கலியாணம் நின்றுபோகுமாம். "மறைச்சுக் கட்டிக் குடுத்தா அவ காலம்பூரா பயந்துக்கிட்டுல்ல இருக்கணும் தாயி" என்றாள் அம்மா. வெகுநேரம் பேசினார்கள். கடைசியில் அந்தப் பிள்ளையை வெளியே தூக்கி வந்தார்கள். என் வயதுதான் இருக்கும். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். மறுநாள் வெள்ளனே முதல் பஸ்ஸுக்குத் தூக்கிக்கொண்டு வருவதாக வீட்டுக்காரம்மா ஒத்துக்கொண்டார். எல்லாம் தன் சாமர்த்தியம் என்பதுபோல அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

கிளம்பும்போது வீட்டுக்காரம்மா கேட்டார். "எல்லாஞ் சரிக்கா. நம்ம காலத்துக்குப் பெறகு இதுகளை யாரு பாப்பாக?"

எந்த ஆபீசரையும் பேச்சில் மடக்குகிற அம்மா, என்னை இழுத்து முன்னால் உட்காரவைத்து, நன்றாக இருந்த சடையை அவிழ்த்து மறுபடி பின்னத் தொடங்கினாள். பாவம், அம்மாவுக்குக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நானே கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

"அம்மா, நீங்க செத்துப்போனா அண்ணனை யாரு பாப்பாகன்னு கேக்குறாங்கம்மா."