துவைக்கக் கூடாத ஜெர்சி

காலையில் அலமாரியைத் திறந்தால் மேல்தட்டு காலி. நேற்று சலவைக்குப் போட்ட துணிகளோடு என் மனைவி மீனாவின் ஜெர்சியும் போயிருக்கிறது. அவள் கடைசியாகப் போட்டிருந்தது. நான்கு மாதமாகத் துவைக்காமல் வைத்திருந்தேன்.

ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டு மஞ்சூர் சலவைக் கடைக்கு ஓடினேன்.

"ஏனுங்க, அந்த ஃபுட்பால் ஜெர்சி..."

கடைக்காரர் மூட்டையைக் காட்டினார். "மூணு நாளா வெயிலே இல்லீங்க. எதையும் நனைக்கலீங்க."

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் அதை எடுத்து விரித்தார். "அட, எங்க எஸ்டேட் கிளப்புதுங்க! இதப் போட்ட வருஷம் எல்லா மேட்சும் தோத்தாங்க. கடைசி ஒண்ணு மட்டும் பனி எறங்கி, பந்தே தெரியாம டிரா ஆச்சு. உங்களுக்கு எப்படிங்க கெடச்சுது?"

"மாமனார்தாங்க கோல்கீப்பர். அப்புறம் என் சம்சாரம் போட்டுட்டு இருந்தா."

"இருந்தா" என்றதும் அவர் ஜெர்சியை மடிக்க ஆரம்பித்தார். கையில் கொடுக்கும்போது சொன்னார்: "தொவைக்காம வெச்சா பூசணம் புடிச்சிருமுங்க."

துவைத்தால் அவள் வாசனை போய்விடும். துவைக்காவிட்டால் சட்டையே போய்விடும்.

குந்தா மின்நிலையத்தில் டிரான்ஸ்பார்மருக்குள் ஈரம் போகாமலிருக்க சிலிக்கா ஜெல் போடுகிறவன் நான். அது ஈரத்தோடு வாசனையையும் இழுத்துவிடுமா?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சோப்பு பெயர் மட்டும் வேண்டாம்.