என் குதிகாலில் இருந்த ஊசி

வலது கணுக்கால் வலி தாங்காமல் ஈப்போவில் எக்ஸ்ரே எடுக்கப் போனேன். காரில் அழைத்துப் போனவள் குனோங் ராபாட்டில் என் பக்கத்து வீட்டு விமலா. பதினைந்து வருடப் பழக்கம். என் வீட்டு மாற்றுச் சாவியே அவளிடம்தான் இருக்கும்.

நிற்க வைத்து இரண்டு கால்களையும் பக்கவாட்டில் படம் எடுத்தார்கள். வலது கணுக்கால் மூட்டில் எலும்புகளுக்கு நடுவே இடைவெளி மிகவும் குறைந்துவிட்டது, இடது நன்றாக இருக்கிறது என்று டாக்டர் அளந்து காட்டினார். இடது குதிகாலில் வெள்ளையாக ஒரு சிறு கோடு தெரிந்தது. சின்ன வயதில் மிதித்து உள்ளேயே தங்கிவிட்ட ஊசித் துண்டு.

"தெரிஞ்ச டாக்டர்கிட்ட காட்டிக் கேக்குறேன் லா" என்று விமலா படங்களைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டாள். நெகிழ்ந்துபோனேன்.

இரண்டு மாதம் கழித்து பாகான் டத்தோவிலிருந்து அண்ணி ஒரு படம் அனுப்பிவிட்டு அழைத்தார். "இந்தப் பவுடர் குடிச்சா தேஞ்ச மூட்டு சரியாயிருதாம். முன்ன எடுத்தது, பின்ன எடுத்தது ரெண்டும் இருக்கு பாரு. என் மூட்டு வலிக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போறத நிப்பாட்டிட்டேன்."

'முன்' என்று போட்டிருந்தது என் வலது கால். 'பின்' என்பது என் இடது கால், ஊசித் துண்டோடு! மூட்டைக் குணமாக்கிய பவுடர் குதிகாலில் ஊசியும் செருகிவிட்டதா? கீழே விற்பவர் பெயர்: விமலா.

நேரே போய்க் கேட்டேன்.

"உன் பேரு போடலையே, யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள்.

சாவியை வாங்கிக்கொண்டு திரும்பினேன். மறுநாளே அண்ணியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இப்போதெல்லாம் மூட்டு மருந்துப் படம் யார் அனுப்பினாலும், "இது யாரு காலு?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.