இரண்டாவது வரியை எடுக்க மாட்டேன்

என் எழுத்துக்கு நாற்பத்தோரு லைக் வந்த நாளில்தான், அதை ஒருத்திகூடப் படிக்கவில்லை என்பது எனக்குத் தெரியவந்தது.

அப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காருக்குள் ஓடும் வயர்களை நிறம் பார்த்து, நீளம் பார்த்து, போர்டு என்கிற பலகையில் பரப்பி, டேப் சுற்றிக் கட்டாக்குகிற வேலை. லைனில் முப்பத்திரண்டு பெண்கள். பாதிப் பேர் என்னைப் போலத் தெற்கேயிருந்து வந்து, சேரப்பணஞ்சேரியில் ஓர் அறைக்கு ஆறு பேராக வாடகைக்கு இருந்தவர்கள். மீதிப் பேர் அந்த ஊர்க்காரிகள். நான் பிரவுசிங் சென்டரிலிருந்து முகநூலில் எழுத ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் உள்ளூர்க்காரி, லைனிலும் எனக்கு அடுத்த போர்டில் நிற்பவள். அவளிடம் ஆசையாகக் கேட்டேன்.

"நேத்து நான் எழுதுனது எப்படி இருந்துச்சு?"

"சூப்பரா கீதுடி."

"எந்த இடம் பிடிச்சுது?"

அவள் திருதிருவென்று முழித்தாள். பிறகு போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"இன்னாத்த படிக்கறது? நீயே பாரு, கட்டம் கட்டமா கீது. நம்ம எல்லார் போன்லயும் தமிழ் இப்டித்தான் வருது. நீ போட்டியேன்னு லைக் போட்டோம். போடலன்னா மூஞ்சிய தூக்கி வச்சிக்குவ."

வாஸ்தவம்தான், தூக்கி வைத்துக்கொள்வேன். அன்றைக்கும் வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. எனக்கு அவ்வளவு கோபம். ஒரு மாதமாக ஒவ்வொரு வரியாகச் செதுக்கிப் போட்டதெல்லாம் இவர்களுக்கு வெறும் கட்டம்!

அதற்கு முன் வலைப்பூ எழுதிக்கொண்டிருந்தேன். 2009-ல், வார லீவு அன்று படப்பைக்குப் போய், பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தட்டச்சு செய்வேன். லைனில் நடப்பது, அறையில் ஒரே பக்கெட்டுக்கு ஆறு பேர் போடும் சண்டை, இதெல்லாம்தான் விஷயம். சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பெரிய மனிதர்கள் வந்து படித்தார்கள். 'உழைக்கும் பெண்ணின் வலி தெரிகிறது தோழி' என்று கீழே எழுதிவிட்டுப் போனார்கள். பக்கெட் சண்டையைச் சிரிக்கச் சிரிக்க எழுதினால் அதிலும் வலிதான் தெரிந்தது அவர்களுக்கு. எரிச்சலாக இருக்கும். ஆனாலும் என் புனைபெயர் மேலே இருக்கிறதே, அதைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறையும்.

பிறகு அவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் கடைசியாக எழுதினார்: 'இப்போதெல்லாம் யாரும் வலைப்பூ படிப்பதில்லை. முகநூலுக்கு வாருங்கள். சின்னதாக எழுதுங்கள், படம் போடுங்கள், கொஞ்சம் சினிமாவும் கலந்துகொள்ளுங்கள்.' சினிமா கலப்பதற்கு நான் என்ன கூல்டிரிங்க்ஸ் கடையா வைத்திருக்கிறேன்? அவர் சொன்னதற்காக நான் போகவில்லை. என் லைன் பெண்கள் அங்கே இருந்தார்கள், அதற்காகப் போனேன். போன இடத்தில் கட்டம்.

கோபம் தணிந்ததும் வழி தெரிந்தது. எழுத்துத்தானே கட்டமாகிறது, போட்டோ ஆகாதே. கையால் எழுதி, அதைப் போனில் படமெடுத்துப் போட ஆரம்பித்தேன். பக்கம் பக்கமாக அளக்கிற என் பழக்கமெல்லாம் ஒழிந்தது. சின்னத் திரையில் தெரிய வேண்டுமென்றால் கொட்டை எழுத்தில் பத்து வரிதான். முதல் முதலாக லைனில் என் வரியை ஒருத்தி மனப்பாடமாகத் திருப்பிச் சொன்னாள். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

எழுதக் காகிதம்? அங்கேதான் சறுக்கினேன். லைனில் ஒவ்வொருத்திக்கும், கட்டிய வயரைச் சரிபார்த்து டிக் போட, தினமும் ஒரு செக் ஷீட் தருவார்கள். ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் வெள்ளை. பழையது எல்லாம் குப்பைக்குப் போகும். மளிகைச் சீட்டு எழுத, சப்பாத்திக்கு அடியில் விரிக்க, கோலம் போட்டுப் பார்க்க என்று எங்கள் அறை முழுக்க அந்தத் தாள்தான். நானும் அதில்தான் எழுதினேன்.

மஞ்சள் அட்டையைப் பற்றி எழுதியதும் அதில்தான்.

எங்கள் லைனுக்கு ஒரே ஒரு மஞ்சள் அட்டை. பாத்ரூம் போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். அட்டை ஆணியில் இல்லையா, யாரோ போயிருக்கிறாள், அடக்கிக்கொண்டு நில். முப்பத்திரண்டு பேருக்கு ஓர் அட்டை என்றால் என்ன செய்வோம்? தண்ணீரே குடிக்க மாட்டோம். எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. தீட்டு நாளில் இருப்பவள் இடது கட்டைவிரலில் சிவப்பு டேப்பைச் சுற்றிக்கொள்வாள். அவள் விரலைக் காட்டினால், யார் கையில் அட்டை இருந்தாலும் அவளுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். சூப்பர்வைசர் அதை விரலில் வெட்டுப்படாமல் இருக்கச் சுற்றுகிறோம் என்று நினைத்து, ஒருநாள் மீட்டிங்கில் எங்களைப் பாராட்டவே செய்தார். இதையெல்லாம் எழுதினேன். 'எங்கள் மூத்திரத்துக்கு ஏன் டோக்கன்?' என்று முடித்தேன்.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படமெடுத்தேன். என் கண்ணுக்கு என் எழுத்து மட்டும்தான் தெரிந்தது. ஹெச்.ஆர். அதிகாரியின் கண்ணுக்கு, தாளின் மறுபக்கத்திலிருந்து வெளிச்சத்தில் ஊடுருவி வந்த கம்பெனி பார்ட் நம்பர் தெரிந்தது. மறுநாளே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இது கம்பெனி டாக்குமென்ட்மா," என்றார். அதட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "வெளிய எடுத்துட்டுப் போனதே தப்பு. படத்த எடுத்துட்டு, மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துரு. முடிச்சுக்கலாம்."

இத்தனை வருடம் ஆகியும் நான் ட்ரெய்னிதான், வருடா வருடம் ஒப்பந்தத்தை நீட்டிப்பார்கள். ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம்தான் இருந்தது. வேலை போனால் ஊருக்குத் திரும்ப வேண்டும், திரும்பினால் மூன்றே மாதத்தில் மணவறையில் உட்கார வைத்துவிடுவார்கள், மாப்பிள்ளைகூடத் தயார். அவர் முன்னாலேயே படத்தை நீக்கினேன். கடிதத்தையும் எழுதினேன், இரண்டே வரி:

'செக் ஷீட்டை வெளியே எடுத்துச் சென்றது என் தவறு. மஞ்சள் அட்டையைப் பற்றி எழுதியது என் தவறு இல்லை.'

அவர் படித்தார். "முதல் வரி ஓகே. ரெண்டாவது வரிய எடுத்துரும்மா."

"எடுக்க மாட்டேன் சார்."

"வேற பேப்பர் தரேன், யோசிச்சு எழுது."

"எத்தன பேப்பர் குடுத்தாலும் ரெண்டு வரிதான் சார் வரும்."

பத்து நாள் சஸ்பெண்ட். அறைக்கு வந்து தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன். வீறாப்பாகப் பேசிவிட்டு வந்து அழக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை.

நான்காம் நாள் அந்தப் பக்கத்து போர்டுக்காரி அறைக்கு வந்தாள். கையில் புதுப் போன். அந்த வருடம் திடீரென்று எல்லோரும் வாட்ஸ்அப்புக்குப் போயிருந்தார்கள், முகநூல் பக்கமே ஆளைக் காணோம்.

"எய்தாத. பேசு," என்றாள். "படிக்கறதுக்கு யாருக்கு டைம் கீது? பஸ்ல காதுல மாட்டிக்கினு கேக்கறாங்க எல்லாம்."

"நான் எழுதுறவ. பேசுறதுக்கு நான் என்ன ரேடியோவாட்டி?"

"அப்ப எய்தி நீயே படிச்சிக்கோ, போ."

எனக்குச் சுருக்கென்றது. போனை வாங்கி, என் பத்து வரியை அப்படியே பேசினேன். போட்டுக் கேட்டோம். அவள் கட்டிலில் விழுந்து சிரித்தாள். "ஐயே, நியூஸ் வாசிக்கறா மாரி கீதுடி!" உண்மைதான், கேட்க எனக்கே கூசியது. மறுபடி பேசினேன், வெட்டினேன், மறுபடி பேசினேன். பொழுது சாய்வதற்குள் என் அழகான வாக்கியங்கள் எல்லாம் கழன்று விழுந்தன. கடைசியில் மிஞ்சியது ஒரு நிமிடம்:

"ஏ பிள்ளைகளா, நான்தான் பேசுதேன். தண்ணி குடிக்கவே பயந்துக்கிட்டு நிக்கோம். இதக் கேக்கது தப்பா?"

அதை அவளுக்கு அனுப்பினேன். மூன்று நாள் கழித்து வந்து, "ஊர் பூரா ஓடுது உன் மேட்டரு," என்று போட்டுக் காட்டினாள். ஓடியது என் குரல் இல்லை, அவள் குரல். அடுத்து இன்னொருத்தி. அடுத்து இன்னொருத்தி. எல்லாரும் என் பேச்சைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி மாற்றிச் சொல்லியிருந்தார்கள். ஒருத்தி நடுவில் 'தூ' என்று வேறு சேர்த்திருந்தாள். என் பெயர் எங்கேயும் இல்லை.

"யாரக் கேட்டு மாத்துன? அது நான் எழுதுனதுட்டி!" என்று கத்தினேன்.

"லூசு. உன் கொரல அனுப்பிச்சா 'பேசுதேன்'ன உடனே நீதான்னு கண்டுபிடிச்சிருவாங்க. வேல வேணுமா, பேரு வேணுமா?"

எனக்கு இரண்டும் வேண்டும். அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி. அவளிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

பதினோராம் நாள் வேலைக்குத் திரும்பினேன். லைனுக்குப் போகும் முன்பே ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். அதே அதிகாரி, மேஜைமேல் போனை வைத்து ஒவ்வொன்றாகப் போட்டார். "தோ பாருங்கடி, தண்ணி குடிக்கறதுக்கே பயந்துக்கினு கீறோம்..." அது என் பக்கத்து போர்டுக்காரி. அடுத்தது மதுரைப் பக்கத்துப் பேச்சு. அடுத்தது ஒருத்தி பேசப் பேசக் குரல் நடுங்கியது, ஆனாலும் நிறுத்தாமல் பேசி முடித்திருந்தாள். மொத்தம் ஆறு.

"இதுல உன்னோடது எது?"

எதுவும் இல்லை என்று சொல்லலாம். அது பொய்கூட இல்லை. சொல்லிவிட்டு நேராக என் போர்டுக்குப் போகலாம், ஒப்பந்தத்தையும் நீட்டித்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்து இந்த நாற்காலியில் அந்த நடுங்கின குரல்காரியை உட்கார வைப்பார்கள். அதோடு, ஆறு வருடமாக எழுதுகிறேன், அந்த வலைப்பூப் பெரிய மனிதர்கள் யாராவது என் ஒரு வரியைத் தங்கள் வாயால் சொல்லியிருப்பார்களா?

"எல்லாமே என்னோடதுதான் சார்."

"கொரல் ஆளாளுக்கு வேறயா இருக்கேம்மா."

"பேசுனது யாருன்னு எனக்குத் தெரியாது. சொல்லிக்குடுத்தது நான். ரெண்டாவது வரிய எடுக்கச் சொன்னீங்கள்ல சார், அந்த வரிதான் இது."

அவர் போனை அணைத்துவிட்டு, போகச் சொன்னார். லைனுக்குப் போனால் ஆணியில் இரண்டு மஞ்சள் அட்டைகள் தொங்கின. ஏன், எப்போது என்று யாரும் எதுவும் அறிவிக்கவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து அடுத்ததைப் பேசினேன்: இரண்டு அட்டை எதுக்கு, அட்டையே எதுக்கு? இந்தத் தடவை என் குரலிலேயே அனுப்பினேன்.

ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. ஊருக்குத் திரும்பிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இருங்காட்டுக்கோட்டையில் வேறொரு கம்பெனியில் ஆள் எடுத்தார்கள், சேர்ந்துகொண்டேன். மாப்பிள்ளை காத்திருந்து பார்த்துவிட்டு வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார்.

ஒரகடத்தில் என் கடைசி நாளன்று, பஸ்ஸில் பக்கத்து போர்டுக்காரி ஹெட்போன் வயரின் ஒரு முனையை என் காதில் செருகினாள். எந்தக் கம்பெனியோ, எந்த ஊர்க்காரியோ, கேட்டறியாத ஒரு குரல். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்வதையும், கேட்ட ஸ்டூலைக் கொடுக்காததையும், கால் வீங்குவதையும், வாயில் வந்த வசவோடு ஒரே மூச்சில் பேசியிருந்தாள்.

"இதுவும் உன்னுதாடி?" என்று கேட்டாள் பக்கத்து போர்டுக்காரி.

"இல்லட்டி," என்றேன். "இதுல என் வார்த்த ஒண்ணுகூட இல்ல. இன்னொரு தடவ போடு."